காயலான்கடைக்குப் போகும் முன் ஓர் அலமாரி

மேசை விளிம்பில் திருகி மாட்டக்கூடிய சிறிய வார்ப்பிரும்பு இயந்திரம் அது. ஒரு பக்கம் கைப்பிடி, மறுபக்கம் மூன்று பல் வைத்த முள். ஆப்பிளின் காம்புக் குழியில் முள்ளைக் குத்தி நிறுத்தி, கைப்பிடியைச் சுற்றினால் பழம் கிறுகிறுவென்று சுழலும். வளைந்த சிறு கத்தி ஒன்று அதன் மேல் படிந்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சீவும். தோல் அறுபடாமல் ஒரே நாடாவாக இறங்கி மேசையில் சுருண்டு விழும். பத்துப் பதினைந்து நொடிக்குள் வேலை முடிந்துவிடும். ஆப்பிள் தோல் சீவும் இந்த இயந்திரத்துக்குத் தமிழில் தனிப்பெயர் இல்லை. தமிழ் வீடுகளுக்கு அது பெரும்பாலும் வரவே இல்லை.

ஆனாலும் அம்பத்தூர் எஸ்டேட்டில் பல வருடம் லேத்து ஓட்டிய ஒரு டர்னரின் கையில் கொடுத்தால், பெயர் தெரியாமலேயே அவர் அதை அடையாளம் கண்டுகொள்வார். அவருக்கு அது ஒரு குட்டி லேத்து. பழம்தான் ஜாப். மூன்று பல் முள் அதைப் பிடித்திருக்கும் சக். கைப்பிடியோடு சேர்ந்து சுழலும் நீண்ட மரைத் தண்டு, லேத்தில் இருக்கும் லீட் ஸ்குரூவின் வேலையைச் செய்கிறது. தண்டு ஒரு சுற்று சுற்றும்போது பழம் ஒரு மரை தூரம் முன்னே நகர்கிறது. அந்தத் தூரம் கத்தியின் அகலத்தைவிடக் கூடிவிட்டால், பழத்தின் மேல் தோல் கோடுகோடாக ஒட்டிக்கொண்டு நிற்கும். ‘ஃபீட் ஜாஸ்தி’ என்று டர்னர் சொல்வது இதைத்தான்.

லேத்திலிருந்து இது வேறுபடும் இடம் ஒன்று உண்டு. இந்த இயந்திரத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. லேத்தில் டூல் போஸ்ட் ஆடக் கூடாது, ஆடினால் ஜாப் கெட்டுவிடும். இங்கே கத்தி ஆடியே ஆக வேண்டும். எந்த ஆப்பிளும் முழு உருண்டை இல்லை. தோள் அகன்று இடுப்பு ஒடுங்கி, ஒரு பக்கம் பள்ளமாக இருக்கும். அதனால் கத்தியை ஒரு கரத்தில் பொருத்தி, அந்தக் கரத்தைச் சுருள்வில்லால் பழத்தின் மேல் அழுத்தி வைத்தார்கள். பழம் எப்படி வளைந்தாலும் கத்தி கூடவே ஏறி இறங்கும். சதைக்குள் ஆழமாக இறங்கிவிடாதபடி கத்தியின் ஓரத்தில் ஒரு தடுப்பு இருக்கும். அந்த இடைவெளி எவ்வளவோ அவ்வளவுதான் தோலின் கனம். ஒழுங்கில்லாத ஒரு பொருளை ஒழுங்கான இயந்திரத்தால் சீவ வேண்டும் என்ற சிக்கலுக்கு மோட்டாரும் இல்லாமல், சென்சாரும் இல்லாமல், ஒரு வில்லும் ஒரு தடுப்புமாகக் கண்ட தீர்வு இது.

இதன் கதை 1803-ல் தொடங்குகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த மோசஸ் கோட்ஸ் அந்த வருடம் பிப்ரவரி 14 அன்று ஆப்பிள் சீவும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அந்த நாட்டில் ஆப்பிள் வெறும் பழம் அல்ல, பனிக்காலத்துச் சாப்பாடு. அறுவடையில் குவியும் பழத்தைத் தோல் சீவி, வில்லைகளாக அரிந்து, உலர்த்தி வைத்தால்தான் அடுத்த பல மாதங்களுக்கு வீட்டில் பண்டம் இருக்கும். அண்டை வீட்டார் எல்லாம் ஒரே வீட்டில் கூடி, இரவு வெகுநேரம் வரை பழம் சீவுவது வழக்கம். மொட்டைமாடியில் வடாம் பிழியத் தெருவே கூடிய தமிழ்நாட்டுக் கோடைக்கு இது அந்நியமான காட்சி இல்லை.

தொடக்கத்து இயந்திரங்கள் மரத்தில் செய்தவை. பட்டறைக்காரரும் தச்சரும் தங்கள் கைக்கு ஏற்றபடி செய்துகொண்டார்கள். வார்ப்படத் தொழில் பெருகியபின் எல்லாம் இரும்புக்கு மாறின. 1864-ல் டேவிட் குடெல் என்பவர் ‘லைட்னிங்’ என்ற பெயரில் ஓர் இயந்திரத்தை உருவாக்கினார். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஆன்ட்ரிம் என்ற சிற்றூரில் அவர் தொழிற்சாலை நடத்தினார். 1889 முதல் 1891 வரை அந்த மாநிலத்தின் ஆளுநராகவும் இருந்தார். ஆப்பிள் தோல் சீவும் இயந்திரம் செய்து பெயர் வாங்கிய ஒருவர் மாநிலத்தின் தலைமைப் பதவிக்கு வந்தார் என்பதிலிருந்தே, அந்தச் சிறு கருவிக்கு அங்கே இருந்த மதிப்பை ஊகிக்கலாம். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் இந்த ஒரே வேலைக்காக நூற்றுக்கும் மேற்பட்ட காப்புரிமைகள் பதிவாகிவிட்டன. சிலவற்றில் பழம் நின்ற இடத்திலேயே சுழல, கத்தி அதைச் சுற்றி அரைவட்டம் அடிக்கும். சிலவற்றில் சீவி முடித்த பழத்தை முள்ளிலிருந்து தள்ளிவிடத் தனியாக ஒரு தள்ளுகோல் இருக்கும். பிறகு நடுத்தண்டைக் குடைந்து, சதையைச் சுருள் வில்லையாக அரிந்தும் கொடுக்கும் வகை வந்தது. அந்த மரைத் தண்டு அமைப்பு பெரிய மாற்றம் இல்லாமல் இன்றும் விற்பனையில் இருக்கிறது.

இன்னொரு தேதியும் இங்கே முக்கியம். 1836 டிசம்பர் 15 அன்று வாஷிங்டனில் இருந்த காப்புரிமை அலுவலகம் தீப்பிடித்தது. சுமார் பத்தாயிரம் காப்புரிமைப் பதிவுகளும் ஆயிரக்கணக்கான மாதிரி இயந்திரங்களும் எரிந்துபோயின. அந்த அரசு அதோடு கைவிட்டுவிடவில்லை. கண்டுபிடித்தவர்களிடம் இருந்த பிரதிகளைத் தேடிச் சேர்த்து, முடிந்ததை மீட்டது. பின்னாளில் தனிமனிதர்களும் அந்த வேலையைத் தொடர்ந்தார்கள். ஆப்பிள் சீவிகளைச் சேகரிப்பவர்களுக்கென்றே ஒரு சங்கம் இருக்கிறது. டான் தோர்ன்டன் என்பவர் இந்த ஒரே பொருளைப் பற்றித் தனி நூல் எழுதியிருக்கிறார். ஒரு சமையலறைக் கருவிக்கு இவ்வளவு ஆவணம்.

அதே பென்சில்வேனியாவிலிருந்து 1904-ல் இந்தியாவுக்கு வந்தவர் சாமுவேல் ஸ்டோக்ஸ். 1916 வாக்கில் இமாசலத்தின் கோட்கர் பகுதியில் அமெரிக்கச் சிவப்பு ஆப்பிள் கன்றுகளை நட்டு, அந்த மலைநாட்டின் பொருளாதாரத்தையே மாற்றினார். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றார், பின்னர் சத்யானந்த் என்று பெயரும் மாற்றிக்கொண்டார். இன்று கோயம்பேடு மார்க்கெட்டில் இறங்கி, அங்கிருந்து ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் பூந்தமல்லிக்கும் தள்ளுவண்டிகளில் வந்து சேரும் சிம்லா ஆப்பிளின் பூர்வீகம் அந்தத் தோட்டங்கள்தான். பழம் வந்தது, சீவும் இயந்திரம் வரவில்லை. அதற்கான தேவையே இங்கே இல்லை. தமிழ் வீட்டில் ஆப்பிள் நெடுங்காலம் எண்ணி வாங்கும் பண்டமாகவே இருந்தது. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகிறவர் நாலு சாத்துக்குடியோடு ரெண்டு ஆப்பிளும் வாங்கிப்போவார். கட்டில் ஓரம் உட்கார்ந்து சிறு கத்தியால் சீவிக் கொடுக்க அவ்வளவு நேரம் போதுமானதாக இருந்தது.

குவியல் குவியலாக இங்கே வந்தது தேங்காய்.

தேங்காய் துருவும் கை இயந்திரத்தை ஆப்பிள் சீவியின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் கைப்பிடி உண்டு, சுழலும் தண்டு உண்டு, மேசையில் பிடித்து நிற்கும் அடிப்பாகம் உண்டு. ஆனால் சிக்கல் தலைகீழானது. ஆப்பிளில் கத்தி வெளியிலிருந்து வேலை செய்கிறது. தேங்காயில் உள்ளிருந்து. ஆப்பிளில் பழம் சுழல, கத்தி அசைந்து கொடுக்கிறது. தேங்காயில் கத்தி சுழல்கிறது. பல் வைத்த வளைந்த தகடுகள் சேர்ந்த ஒரு குமிழ், மூடியின் குழிவுக்குள் சுற்றுகிறது. அங்கே சுருள்வில் செய்த வேலையை இங்கே இடது கை செய்கிறது. மூடியை எவ்வளவு அழுத்துவது, எப்போது திருப்புவது, ஓட்டை ஒட்டிய பழுப்புத் தோல் விழாமல் எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் அந்த உள்ளங்கைக்குத் தெரியும். அமெரிக்கக் கருவி அந்த அறிவை இரும்புக்குள் வைத்தது. தமிழ்க் கருவி பாதியை மனிதரின் கையிலேயே விட்டுவைத்தது.

அதற்கும் முந்தையது அரிவாள்மனையின் நுனியில் இருக்கும் துருவல் பல். ஒரு காலை மடித்து மனையை அழுத்திக்கொண்டு, தரையில் உட்கார்ந்து துருவ வேண்டும். யாழ்ப்பாணத்தில் இதே கருவி திருவலை. தரையில் உட்கார்ந்து சமைத்த காலம் முழுக்க, மேசையில் மாட்டும் இயந்திரத்துக்கு இங்கே இடமே இல்லை. மாட்டுவதற்கு விளிம்பு வேண்டுமே. கேஸ் அடுப்பு வந்து, சமையல் தரையிலிருந்து மேடைக்கு ஏறிய பிறகுதான் அந்த விளிம்பு கிடைத்தது. கொரட்டூரிலும் முகப்பேரிலும் ஆவடியிலும் வீட்டுவசதி வாரியம் கட்டிய குடியிருப்புகளில் நின்றுகொண்டு சமைக்கும் மேடை வந்தது. அங்கேயும் ஒரு தடை. கடப்பைக்கல் மேடையும் பின்னால் வந்த கிரானைட்டும் கனமானவை, வழவழப்பானவை. இரும்பு கிளாம்ப் அவற்றில் சரியாகப் பிடிக்காது. அந்த வழவழப்பையே சாதகமாக்கிக்கொண்டது அடியில் ரப்பர் வைத்து, நெம்புகோலை அழுத்தினால் காற்றை வெளியேற்றி ஒட்டிக்கொள்ளும் வேக்குவம் அடிப்பாகம். ஒரு கருவி ஒரு ஊரின் கல்லுக்குத் தகுந்தபடி மாறிக்கொண்ட வரலாறு இது.

இப்படி இன்னும் பல உண்டு. சேவை நாழியை எடுத்துக்கொள்ளலாம். மூன்று கால் இரும்புச் சட்டம், நடுவே துளைத்தட்டு வைத்த குழாய், மேலே இரண்டு கைப் பிடியோடு இறங்கும் பெரிய மரைத் திருகு. வேகவைத்த மாவுருண்டையைச் சூடு ஆறுவதற்குள் போட்டு, ஒருவர் காலைப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் திருக வேண்டும். ஆப்பிளை நகர்த்திய அதே மரைத் தத்துவம்தான் இங்கே மாவைப் பிழிகிறது. பலகையில் அறைந்து வைத்த காப்பிக்கொட்டை அரவை வேறொரு வகை. உள்ளே ஒன்றுக்குள் ஒன்று சுழலும் இரண்டு பல் கூம்புகள் இருக்கும். அவற்றின் இடைவெளியை ஒரு திருகால் கூட்டிக் குறைத்தால் தூள் கரகரப்பாகவோ நைசாகவோ விழும். காப்பியின் சமூக வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ நூலில் எழுதிவிட்டார். அந்த அரவை இயந்திரத்தின் பொறியியலை எழுத இன்னும் இடம் இருக்கிறது.

கோயம்புத்தூர் இந்த விஷயத்தில் விழித்துக்கொண்ட ஊர். அங்கே 1955-ல் ப. சபாபதி உருவாக்கியதாகச் சொல்லப்படும் வெட் கிரைண்டர், ஆட்டுக்கல்லை மோட்டாரோடு இணைத்தது. ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ என்ற பெயருக்கு இன்று புவிசார் குறியீடு இருக்கிறது. பழச்சாறு பிழியும் கருவி முதல் சவரக் கத்தி வரை செய்து பார்த்த ஜி.டி. நாயுடுவின் கண்டுபிடிப்புகளுக்கு அங்கே அருங்காட்சியகமே இருக்கிறது. தான் செய்ததைத் தானே சேர்த்து வைக்க வேண்டும் என்ற உணர்வு அந்த ஊருக்கு உண்டு.

சென்னையின் மேற்கே அந்த உணர்வு இன்னும் வரவில்லை. வர வேண்டிய இடம் அதுதான்.

1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது. ஆவடியில் 1955-ல் டியூப் புராடக்ட்ஸ் வந்தது. அறுபதுகளில் பாடி ஒரு பெரிய பட்டறையாகவே மாறியது: லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் விஜயந்தா டாங்கிகள் உருவாயின. 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை ஆயிரம் ஏக்கருக்கு மேல் பரந்து எழுந்தது. டர்னர், ஃபிட்டர், மில்லர், கிரைண்டர், வெல்டர் என்று வேலையின் பெயராலேயே அறியப்பட்ட தலைமுறை ஒன்று எம்.டி.எச். ரோட்டின் இரு பக்கமும் குடியேறியது. ஷிஃப்டு முடிந்து சைக்கிளில் வீடு திரும்பிய அந்த மனிதர்களுக்கு, வீட்டுத் தேங்காய்த் துருவியின் தண்டு ஆட்டம் கண்டால் கடைக்கு ஓட வேண்டியதில்லை. பித்தளையில் ஒரு புஷ் கடைந்து போட்டால் இன்னும் பத்து வருடம் ஓடும் என்று அவர்களுக்குத் தெரியும். மைக்ரான் கணக்கில் அளந்து பழகிய கண்களுக்கு அந்தச் சின்ன இயந்திரம் ஒளித்து வைக்க எதுவும் இல்லாத பொருள்.

அந்தத் தலைமுறை இப்போது ஓய்வு பெற்றுவிட்டது. பட்டறைகள் இருந்த பல மனைகளில் கண்ணாடி முகப்பு வைத்த அலுவலகங்கள் எழுந்துவிட்டன. டன்லப் தொழிற்சாலை மூடிவிட்டது. பெயரை மட்டும் பஸ் ஸ்டாப் வைத்திருக்கிறது. வீடுகளிலும் அதே மாற்றம். 2011 செப்டம்பர் 15 அன்று, ஆவடிக்கு மேற்கே திருவள்ளூரை அடுத்த காக்களூரில், தமிழக அரசின் விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் தொடங்கியது. குடும்ப அட்டை வைத்திருந்த லட்சக்கணக்கான பெண்களின் தோளிலிருந்து பெரும் உழைப்பை இறக்கி வைத்த திட்டம் அது. அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. தேங்காயைத் துருவாமல் சில்லு போட்டு மிக்ஸியில் ஓட்டினால் சட்னி ஆகிவிடும் என்றால், காலை ஐந்து மணிக்கு எழுந்து வேலைக்குப் போகும் பெண் ஏன் கைப்பிடியைச் சுற்ற வேண்டும்? ஒரு டஜன் மூடி துருவிய தோள்பட்டையின் வலியைப் பழமையின் பெருமையாகப் பாடுவது அநியாயம்.

சமையலறைக்குத் திரும்ப வேண்டியதில்லை அந்த இயந்திரங்கள். ஆனால் அழியவும் கூடாது. இப்போது அழிந்துகொண்டிருக்கின்றன.

எப்படி என்று அம்பத்தூர் ஓ.டி.யிலோ பூந்தமல்லி கடைவீதியிலோ ஒரு மணி நேரம் நின்றால் தெரியும். ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளிக்கு முன்பும் பழைய பாத்திரத்துக்குப் புதுப் பாத்திரம் மாற்றித் தருவார்கள். பித்தளை முறுக்கு நாழி தராசில் ஏறுகிறது. அதன் மேல் பொறித்த வீட்டுக்காரர் பெயரும் எடையோடு எடையாகப் போகிறது. போகிக்கு வீட்டை ஒழிக்கும்போது வார்ப்பிரும்புக் காப்பி அரவை காயலான்கடைக்குக் கிலோ கணக்கில் செல்கிறது. வாங்குகிறவர் பார்வையில் அது உடைத்து உருக்கும் இரும்பு மட்டுமே. காரைக்குடியின் பழம்பொருள் கடைத்தெருவுக்குப் போய்ச் சேரும் சில பொருள்கள் அதிர்ஷ்டம் செய்தவை. அங்கேயும் அவை எந்த வீட்டிலிருந்து வந்தன, யார் வார்த்தார்கள் என்ற தகவல் அறுந்துதான் வருகின்றன.

பாத்திரங்களை யார் செய்தார்கள் என்பதே ஒரு பொருளாதார வரலாறு. சிறுதொழில்கள் மட்டுமே செய்யலாம் என்று 1967-ல் மத்திய அரசு ஒரு பட்டியல் போட்டது. 47 பொருள்களோடு தொடங்கிய அந்தப் பட்டியல் பின்னர் எண்ணூறைத் தாண்டியது. படிப்படியாகக் குறைந்து, கடைசி இருபது பொருள்கள் 2015 ஏப்ரலில் நீக்கப்பட்டன. அந்தக் கடைசி இருபதில் எவர்சில்வர் பாத்திரங்களும் அலுமினிய வீட்டுச் சாமான்களும் இருந்தன. அரை நூற்றாண்டுக் காலம் வீட்டுச் சாமான் என்பது சிறு பட்டறையின் சோறாக இருந்திருக்கிறது. அப்படிப்பட்ட பட்டறையில் கடைந்தெடுத்த பொருள் ஒன்றுகூட அரசு அருங்காட்சியகத்தில் பட்டறையின் பெயரோடு நிற்கவில்லை என்றால், அது அந்த உழைப்பாளர்களுக்குச் செய்யும் அவமரியாதை.

திருவள்ளூர் மாவட்டத்துக்கு இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த மாவட்டத்தில்தான் அதிரம்பாக்கம் இருக்கிறது. 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே கற்கருவிகளைக் கண்டார். சாந்தி பப்பு தலைமையிலான அகழாய்வு, அங்குள்ள கைக்கோடரிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011-ல் உலகுக்கு அறிவித்தது. வெட்டவும் சுரண்டவும் மனிதர் கைக்கு அடக்கமாகச் செய்த கல் அவை. மாநிலத் தொல்லியல் துறை பூண்டியில் அருங்காட்சியகம் வைத்து இந்த வட்டாரத்தின் கற்கருவிகளைக் காட்டுகிறது. மிகச் சரியான செயல். அதே மாவட்டத்து மண்ணிலிருந்து வளர்ந்த ஒரு தொழில்நகரத்தின் கைக்கருவிகளுக்கு, 1950-க்கும் 1990-க்கும் இடைப்பட்டவற்றுக்கு, ஓர் அலமாரிகூட இல்லை. பழசாவதற்கு இன்னும் 15 லட்சம் ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை.

இதெல்லாம் நடக்காத காரியம் என்று ஒதுக்குவோருக்கு முன்னுதாரணங்கள் இருக்கின்றன. புனேயில் தினகர் கேல்கர் என்ற தனிமனிதர் விளக்கு, பாக்குவெட்டி, சமையல் பாத்திரம் என்று அன்றாடப் பொருள்களைச் சேர்த்தார். ராஜா தினகர் கேல்கர் அருங்காட்சியகமாக அது இன்று மகாராஷ்டிரத்தின் சொத்து. அகமதாபாத்தில் சுரேந்திர பட்டேல் 1981-ல் தன் விஷாலா உணவகத்தோடு சேர்த்துப் பாத்திரங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் கட்டினார். சென்னையில் வில்லிவாக்கத்துக்குப் பக்கத்தில் ஐ.சி.எஃப். ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. விடுமுறை நாளில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு குடும்பங்கள் வருகின்றன. இன்ஜினை ரசிக்கத் தெரிந்த கண்ணுக்குச் சேவை நாழியை ரசிக்கத் தெரியாதா?

அம்பத்தூரில் செய்ய வேண்டியது பெரிய கட்டடம் அல்ல. தொழிற்பேட்டைக்குள் சிட்கோவோ உற்பத்தியாளர் சங்கமான ஐமாவோ மனமுவந்து கொடுக்கும் ஓர் அறை போதும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ‘ஆக்மி’ என்ற பெயரில் பெரிய இயந்திரக் கண்காட்சி நடத்தும் சங்கம் ஐமா. கோடி ரூபாய் சி.என்.சி. இயந்திரங்களைக் காட்டும் அந்தக் கூடத்தில் ஒரு மூலையைக் கைப்பிடி இயந்திரங்களுக்கு ஒதுக்கினால், அதுவே தொடக்கமாகிவிடும். சி.என்.சி.யின் முன்னால் நிற்கும் இளைஞருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பது திரையில் ஓடும் எண்களாகத்தான் தெரிகிறது. ஆப்பிள் சீவியைக் கொடுத்துச் சுற்றச் சொன்னால் ஃபீடும் கட்டும் கையிலேயே தெரியும். பாடத்தில் படித்த மரை இடைவெளி என்ற சொல், தோல் நாடாவின் அகலமாகக் கண்முன் விழும். பத்து வகுப்பு எடுத்துப் புரிய வைப்பதை அந்த ஒரு பழம் புரிய வைத்துவிடும்.

அதனால் அம்பத்தூர் ஐ.டி.ஐ. மாணவர்களிடம் இந்த வேலையின் முக்கியப் பகுதியைக் கொடுக்க வேண்டும். வந்து சேரும் ஒவ்வொரு கருவியையும் அவர்கள் பிரிக்கட்டும், வெர்னியரால் அளக்கட்டும், பாகம் பாகமாகப் படம் வரையட்டும், மறுபடி பூட்டி ஓட்டிக் காட்டட்டும். வரைபடம் இருந்தால் பொருள் அழிந்தாலும் மீண்டும் செய்யலாம். 1836 தீக்குப் பிறகு அமெரிக்கர்களைக் காப்பாற்றியது யாரோ வீட்டில் வைத்திருந்த பிரதிதான். இங்கே பிரதியே இதுவரை எடுக்கப்படவில்லை. ஓய்வு பெற்ற டர்னர்களையும் ஃபிட்டர்களையும் வாரம் ஒருநாள் அழைத்து மாணவர்கள் பக்கத்தில் உட்கார வைப்பதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. அவர்களில் பலருக்கு எழுபது வயது கடந்துவிட்டது. காலம் குறைவு.

இந்த அலமாரி பழமையின் நினைவுக்கு மட்டுமானதும் அல்ல. பழுதுபார்க்கும் உரிமையைப் பற்றி மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. தயாரிப்பாளர்கள் உதிரிபாகமும் பழுதுபார்க்கும் விவரமும் மக்களுக்குக் கொடுக்க வேண்டும் என்ற விவாதம் அதிலிருந்து வலுப்பெற்றது. அந்த விவாதத்துக்கு அம்பத்தூரிடம் சாட்சி இருக்கிறது. திருகுகள் வெளியே தெரிய, பிரித்து மாட்டச் சுளுவாக, தேய்கிற இடத்தில் மாற்றக்கூடிய புஷ்ஷோடு செய்த கருவிகள் தலைமுறை கடந்து ஓடியிருக்கின்றன. ஒட்டி மூடிய பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்த கருவி, இரண்டு ரூபாய்ப் பல்சக்கரம் உடைந்ததற்காக முழுதாகக் குப்பைக்குப் போகிறது. எது நல்ல வடிவமைப்பு என்று சட்டம் எழுதுகிறவர்கள் கேட்டால், இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்ட ஓர் இடம் வேண்டும்.

முதல் அலமாரியில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதைக்கூட இப்போதே சொல்லிவிடலாம். அரிவாள்மனை, யாழ்ப்பாணத்துத் திருவலை, கிளாம்ப் வைத்த துருவி, வேக்குவம் அடிப்பாகம் வைத்த துருவி ஆகிய நான்கும் வரிசையாக. சேவை நாழி, மர முறுக்கு உழக்கு, பித்தளை நாழி. காப்பி அரவை ஒன்று, உள்ளே கூம்புகள் தெரியும்படி பாதி வெட்டியது. இவற்றுக்கு நடுவே, கடல் கடந்த உறவினர் என்ற முறையில், ஓர் ஆப்பிள் சீவி. பக்கத்துத் தட்டில் சிம்லா ஆப்பிள் சில, வருகிற பிள்ளைகள் சுற்றிப் பார்க்க.

ஒவ்வொன்றின் கீழும் ஒரு சீட்டு வேண்டும். வீட்டில் அதை என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள், எந்த வருடம் எங்கே வாங்கியது, யார் சுற்றினார்கள், எப்போது பழுதாகி யார் சரிசெய்தார்கள் என்ற நாலு வரி. ஆவடியிலோ அம்பத்தூரிலோ பூந்தமல்லியிலோ பரண் மேல் இப்படி ஒரு கருவி கிடந்தால், அந்த நாலு வரியை எழுதித் தரக்கூடியவர் இன்னும் அந்த வீட்டிலேயே இருப்பார். போகிக்கு முன்னால் அவரிடம் கேட்டு எழுதி, கருவியின் கைப்பிடியில் கட்டிவிட வேண்டும்.